தர்மபுரிக் கும்மட்டக் கலை: ஒரு சிற்றாராய்ச்சி

தர்மபுரி மாவட்டத்தில் பேரரசர் எவரும் கட்டிய கும்மட்டம், சுற்றுலாப் பேருந்து நிறுத்திக் காட்டும் தரத்தில், ஒன்றுகூட இல்லை. இந்திய இஸ்லாமியக் கட்டடக் கலையைப் பற்றி எழுதிய அறிஞர்கள் இந்த அரிய செய்தியைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள். தில்லி, ஆக்ரா, பிஜப்பூர், ஸ்ரீரங்கப்பட்டணம் என்று கும்மட்டம் இருக்கும் ஊர்களாகவே தேடிப் போய் ஆராய்ந்தார்கள். இது ஒருதலைப்பட்சம். ஒரு பொருள் இருக்கும் இடத்தில் மட்டும் நின்று எழுதினால் அதன் இலக்கணத்தில் பாதிதான் கிடைக்கும். அது ஏன் இன்னோர் இடத்தில் இல்லை என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதிக்குத் தர்மபுரியைவிட உகந்த களம் அமையாது.

இல்லாததை ஆராய்வதற்கு இந்த ஊரில் முன்னுதாரணமும் உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. அந்த ஊரின் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ தொலைந்துபோன நூல். புறத்திரட்டில் சில பாடல்கள் ஒட்டிக்கொண்டிருப்பதோடு சரி. நூல் தொலைந்ததனால் அதைப் பற்றிய கட்டுரைகளுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. நாமும் அந்த மரபைப் பின்பற்றுகிறோம்.

முதலில் பொருள் வரையறை. கும்மட்டம் என்பது கல்லையோ செங்கல்லையோ வளையம் வளையமாக அடுக்கி, மேலே போகப் போகச் சுருக்கி, நடுவில் தூண் வைக்காமல் மூடும் கூரை. நம் கோயில் சிற்பிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. தூணின்மேல் உத்தரம், உத்தரத்தின்மேல் பலகைக்கல் என்று படுக்க வைத்தார்கள். பாரம் நேராகக் கீழே இறங்கும், தூண் தாங்கும், சிற்பி வீட்டுக்குப் போகலாம். தர்மபுரிக் கோட்டைக் கோயிலில் தரையைத் தொடாமல் தொங்கும் தூண் என்று ஒன்றைக் காட்டுவார்கள். தூண் தன் கடமையை விட்டுவிட்டபோதும் கூரை பதறவில்லை. கும்மட்டத்துக்கு இந்த நிதானம் வராது. அதன் பாரம் கீழே இறங்குவதோடு நிற்காமல் வெளிப்பக்கமும் தள்ளும். அடிவிளிம்பு எந்நேரமும் விரிந்து பிளக்கப் பார்க்கும். அதை அடக்கச் சுவரைத் தடியாக எழுப்ப வேண்டும். தடிச் சுவருக்கு ஆழமான அடித்தளம் வேண்டும். போதாததற்கு, கும்மட்டம் வட்டம், அறை சதுரம். சதுரத்தின் நான்கு மூலையிலும் சிறு வளைவுகளை எழுப்பி எட்டு மூலையாக்கி, எட்டைப் பதினாறாக்கி, பதினாறை வட்டம் என்று கல்லை நம்பவைக்க வேண்டும். இந்த வித்தை இந்தியாவில் முறையாகக் கைகூடியது தில்லி குதுப் வளாகத்தில் அலாவுதீன் கல்ஜி கட்டிய அலாய் தர்வாஸா என்ற வாசலில், 1311-ல் என்பார்கள்.

அதே 1311-ல் அலாவுதீனின் தளபதி மாலிக் கபூர் துவாரசமுத்திரத்திலிருந்து இறங்கிப் பாண்டிய நாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்தார். அவர் கடந்து வந்ததாக அமீர் குஸ்ரோ எழுதும் கணவாய்களில் ஒன்று நம் தொப்பூர்தான் என்று ஆய்வாளர் சிலர் அடையாளம் காட்டுகிறார்கள். திரும்பும்போது அவர் ஓட்டிப்போன யானைகள் 512 என்கிறார் குஸ்ரோ. 612 என்கிறார் பரணி. இரண்டு வரலாற்றாசிரியர்களுக்கு நடுவே நூறு யானைகள் காணாமல் போனதை விசாரிப்பது நம் வேலையன்று. தெற்கே சூறையும் வடக்கே கும்மட்டமும் ஒரே ஆண்டில் நடந்தன என்று குறித்துக்கொண்டால் போதும். ஒன்றால்தான் மற்றொன்று என்று வாதிட நம்மிடம் சான்றில்லை. யானைகள் தில்லி போய்ச் சேருமுன்பே வாசல் வேலை முடிந்திருக்கவும் கூடும். ஆனால் ஒரு விதியின் வாசனை இங்கே அடிக்கிறது. அந்த விதியை முறைப்படி எழுதிவிடுவோம்: கும்மட்டம் வரி செலுத்தப்படும் ஊரில் எழாது, வரி எண்ணப்படும் ஊரில் எழும்.

விதி என்று சொன்னால் மேற்கோள் கேட்பார்கள். தாஜ் மஹாலை எடுத்துக்கொள்ளலாம். யமுனைக் கரையின் ஈர மண்ணில் கிணறுகள் தோண்டி, கல்லும் சுண்ணாம்பும் நிரப்பி அடித்தளம் போட்டார்கள் என்பது வழிகாட்டிகள் சொல்லும் செய்தி. ஷாஜகானின் அரசவை வரலாற்றாசிரியர் லாஹோரி வேறொன்றும் எழுதிவைத்திருக்கிறார்: கல்லறையின் பராமரிப்புக்கென்று 30 கிராமங்களின் வருமானம் எழுதிவைக்கப்பட்டது. ஆகவே தாஜ் மஹாலின் மெய்யான அடித்தளம் கிணறுகளுக்கும் கீழே, அந்த 30 கிராமங்களின் வயலில் இருக்கிறது. அங்கே யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை. அடித்தளம் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பது கட்டடக் கலையின் பாலபாடம். தெரிந்தால் கட்டடம் சரியத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இதிலிருந்து பெறப்படும் துணிபு யாதெனில், தர்மபுரியில் கும்மட்டம் காணப்படாமையே அந்த ஊர் பல கும்மட்டங்களின் அடித்தளம் என்பதற்குத் தலையாய சான்று. இதை ஏற்காதவர்கள் தொடர்ந்து படிக்கலாம், ஏற்றவர்களுக்கும் தடையில்லை.

பேரரசர்கள் இந்தப் பக்கம் வராததால் கும்மட்டம் எழவில்லை என்று சிலர் எண்ணக்கூடும். வராதவர் யார் என்று கேட்பதுதான் சுலபம். மைசூர்ப் பீடபூமியிலிருந்து தமிழ்ச் சமவெளிக்கு இறங்குகிற எவரும் இந்தப் படிக்கட்டில் கால்வைத்தாக வேண்டும். விஜயநகரத்தின் ஜெகதேவராயர் இருந்தார். பிஜப்பூர்ப் படைகள் 1638-ல் பெங்களூரைப் பிடித்து, அடுத்த பத்தாண்டுகளில் வேலூர், செஞ்சி என்று கிழக்கே பரவின. அந்தப் படைகளை ஏவிய முகமது அடில் ஷா, 44 மீட்டர் விட்டமுள்ள கோல் கும்பஸின் கீழே 1656-ல் அடக்கமானார். பிறகு மைசூர் உடையார்கள், கடப்பை நவாபு, 1760களில் ஹைதர் அலி, அவர் மகன் திப்பு, கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி. இத்தனை பேரும் படை கொண்டுவந்தார்கள், தண்டல்காரரைக் கொண்டுவந்தார்கள். கொத்தனாரை மட்டும் தலைநகரிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். வழியில் நிற்கும் ஊருக்குக் கொத்தளம் போதும் என்பது எல்லா மதத்துப் பேரரசர்களும் ஒருமித்து நின்ற கொள்கை. மத நல்லிணக்கத்துக்கு இதைவிடப் பழைய சான்று இந்த வட்டாரத்தில் கிடைக்காது.

இந்த வட்டாரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பாராமகால். பன்னிரண்டு மஹால் என்று பொருள் சொல்வார்கள். பன்னிரண்டு அரண்மனைகளா, பன்னிரண்டு கோட்டைகளா என்று கேட்டால் கோட்டைகள் என்பார்கள். எந்தப் பன்னிரண்டு என்று கேட்டால் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. முகலாயரின் வருவாய்க் கணக்கில் மஹால் என்பது வரி வசூலுக்கான ஒரு பிரிவு. தில்லிக் கணக்கப்பிள்ளை ஒருவர் மஹால் என்று எழுதினால் அவர் மனத்தில் எழுவது வளைவும் மாடமும் அல்ல, ஒரு தொகை. அரண்மனையைத் தேடிப் பன்னிரண்டு மலைகளில் மூச்சிரைக்க ஏறியவர்கள் இதை முன்பே யோசித்திருக்கலாம்.

கோட்டைகளையாவது எண்ணிப் பார்க்கலாம் என்றால் அதிலும் ஓர் இடி விழுந்தது. 1965 அக்டோபர் 2-ல் சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்தபோது கிருஷ்ணகிரி, இராயக்கோட்டை, ஜெகதேவி, தேன்கனிக்கோட்டை எல்லாம் நம் கணக்கில் இருந்தன. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. கம்பெனிப் படை 1791 நவம்பரில் மோதிப் பார்த்தும் பிடிக்க முடியாமல் திரும்பிய கிருஷ்ணகிரிக் கோட்டையை, உச்சியிலிருக்கும் சையத் பாஷா தர்காவோடு சேர்த்து, ஓர் அரசாணை ஒரு தோட்டாவும் செலவிடாமல் எடுத்துக்கொண்டது. தர்மபுரிக்கு மிஞ்சியவற்றில் சொல்லத்தக்கது அரூர்ப் பக்கத்துத் தென்கரைக்கோட்டை. அதன் உள்ளே கல்யாணராமர் கோயில் இருக்கிறது. கும்மட்டம் பற்றிய நம் விதிக்கு அதனால் பங்கமில்லை. அதியமான்கோட்டையில் சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் ஓவியங்கள் இருக்கின்றன. விதானம் தட்டையானது. ஓவியத்தைப் படுத்துக்கொண்டு பார்க்கலாம். இந்த வசதி கும்மட்டத்தில் குறைவு.

இந்த மண்ணின் சொந்த நினைவுச்சின்ன முறையையும் ஒப்பாய்வுக்காகச் சொல்ல வேண்டும். ஆநிரை மீட்கப் போய் மாண்ட ஒருவனுக்கு இங்கே ஒரு பலகைக்கல் நட்டார்கள். அதில் வில்லோடோ வாளோடோ அவன் உருவம், மேலே இரண்டு மூன்று வரியில் யார் ஆட்சியில் எந்த ஊர்ப் பூசலில் இறந்தான் என்ற விவரம். அவ்வளவுதான். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் இந்த நடுகற்களைப் பார்க்கலாம். ஒரு நடுகல்லுக்கு ஒரு கல், ஒரு தச்சன், ஊராரின் கொஞ்சம் நேரம். செத்தவன் மாட்டை மீட்டவன். கல்லறை கட்டியதற்காக யாருடைய மாட்டையும் விற்க வேண்டியிருக்கவில்லை. இந்த மலிவான முறை பேரரசுகளிடம் ஏன் பரவவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி மேற்கே. ஹைதர் அலி 1782 டிசம்பரில் சித்தூர்ப் பக்கம் பாசறையில் இறந்தார். உடலை முதலில் கோலாரில் வைத்தார்கள், பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே திப்பு கட்டிய கும்பஸ் 1784 வாக்கில் முடிந்தது. சுற்றுத் தாழ்வாரத்தில் மினுமினுப்பாகத் தீட்டிய கருங்கல் தூண்கள் 36. தந்தம் பதித்த கதவுகளைப் பிற்காலத்தில் டல்ஹௌசி பிரபு கொடுத்தார். நாட்டை எடுத்துக்கொண்டவர்கள் கதவைக் கொடுப்பது பேரரசுகளுக்கிடையே நிலவும் மரியாதை. அருகில் 1784-ல் தரியா தௌலத் என்னும் கோடை மாளிகை; அதன் சுவரில் 1780-ல் கம்பெனிப் படையைப் புள்ளலூரில் நொறுக்கிய காட்சி வண்ணம் வண்ணமாக விரிகிறது. கோட்டைக்குள் 1787-ல் பெரிய பள்ளிவாசல். அதன் இரட்டை மினார்களில் புறாக்களுக்குப் பொந்து வைத்திருக்கிறார்கள். பெங்களூரின் மர மாளிகை 1791-ல் முடிந்தது. ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். 1792 மார்ச் 18-ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தம் கையெழுத்தானது. திப்பு பாதி நாட்டையும், 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும், அது வந்து சேரும்வரை பிணையாக இரண்டு மகன்களையும் கொடுத்தார். பாதி நாட்டில் பாராமகாலும் அடக்கம். திப்புவின் பெயர் சொல்லி இன்று காட்டப்படும் கட்டடங்கள் பெரும்பாலும் அந்த மார்ச்சுக்கு முந்தியவை. அதுவரை மேற்கே மலையேறிக்கொண்டிருந்த நம் வரி அன்றுமுதல் கிழக்கே இறங்கியது. கும்மட்டமும் பின்னாலேயே இறங்கியது. நம் விதிக்கு இதைவிடத் துல்லியமான சோதனைச்சாலை எந்த விஞ்ஞானிக்கும் வாய்க்காது.

புதிய எசமானர்களான கம்பெனியார் பாராமகாலுக்குக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடை அனுப்பினார்கள். அவருக்குத் துணையாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1792 முதல் 1799 வரை மன்றோ தர்மபுரியில் இருந்தார். வீடு கட்டினார், தோட்டம் போட்டார், பிரிந்து போகும்போது வருந்தி எழுதினார். ஆனால் கும்மட்டம் கட்டவில்லை. இவர்கள் கட்டியது வேறு. வயல் வயலாகச் சங்கிலி பிடித்து அளந்து, எண் கொடுத்து, மண்ணின் தரம் பார்த்து, விவசாயி ஒவ்வொருவர் பேரிலும் வரி போட்டார்கள். ரயத்துவாரி என்று இந்தியா முழுவதும் பாடம் நடத்தும் முறை உருண்டு திரண்டது இந்தப் புழுதியில்தான். நடுவில் பாளையக்காரர், ஜமீன்தார் என்ற தூண் எதுவும் இல்லாமல், அடியிலிருக்கும் ஒவ்வொரு கல்லின் பாரமும் நேராக உச்சிக்குப் போய்ச் சேரும் அமைப்பு. கட்டட நூலார் இதை உற்றுநோக்க வேண்டும். நடுத்தூண் இல்லாமல் வளையம் வளையமாகச் சுருங்கி உச்சியில் கூடும் கூரைக்கு நாம் தொடக்கத்தில் ஒரு பெயர் சொன்னோம். தர்மபுரியில் கும்மட்டம் இல்லை என்று சொன்னது கல்லில் இல்லை என்ற அளவில்தான். காகிதத்தில் மிகப் பெரிய ஒன்று இருந்தது; ‘பாராமகால் ஆவணங்கள்’ என்று அதைப் பிற்காலத்தில் பல பகுதிகளாக அச்சிடவும் செய்தார்கள். அதன் வெளித்தள்ளலைத் தாங்கிய சுவர் யார் என்று ஆவணத்தில் வரிவரியாகப் பெயர் இருக்கிறது.

மன்றோ 1820-ல் சென்னை மாகாண ஆளுநரானார். 1827-ல் காலராவில் இறந்தார். அவருக்குத் தர்மபுரியில் ஒரு நினைவுத்தூணும், சென்னைத் தீவுத்திடல் பக்கம் 1839-ல் வைத்த வெண்கலக் குதிரைச் சிலையும் உண்டு. ஏழு ஆண்டு வரி வசூலித்த இடத்துக்குத் தூண். வசூலை எண்ணிய இடத்துக்குக் குதிரை. விதி சிலைகளுக்கும் பொருந்துகிறது.

கிழக்கே இறங்கிய வரி எங்கே போயிற்று என்று பார்த்தால் சேப்பாக்கத்தில் போய் நிற்கிறோம். ஆற்காட்டு நவாபு முகமது அலி வாலாஜா 1768-ல் அங்கே ஓர் அரண்மனை கட்டினார். கட்டிக்கொடுத்தவர் பால் பென்ஃபீல்டு என்பார்கள். இந்த பென்ஃபீல்டு நவாபுக்குக் கடன் கொடுத்தவரும்கூட. கடன்காரரே கொத்தனாராகவும் அமைவது எத்தனை சிக்கனம் என்று தோன்றும். ஆனால் நவாபின் கடன் எந்த அளவுக்குப் போயிற்று என்றால், 1785-ல் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்டு பர்க் அதைப் பற்றி மட்டும் எழுந்து நின்று நெடுநேரம் பேசினார். கடனுக்கு ஈடாக ஆற்காட்டுச் சீமைக் கிராமங்களின் வருவாய் கைமாறியது. நம் பாராமகால் அந்தச் சீமையில் இல்லாததால் அந்தப் பெருமையில் பங்கு கேட்க முடியவில்லை. கடைசி நவாபு 1855-ல் வாரிசில்லாமல் இறந்ததும் அரண்மனை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அந்த வளாகத்துக்குக் குடிவந்தது ரெவின்யூ போர்டு.

இதைச் சற்று நின்று நோக்க வேண்டும். 1786-ல் தொடங்கிய ரெவின்யூ போர்டுதான் மாகாணத்தின் வரிக்கெல்லாம் தலைமைச் சந்நிதி. பென்னாகரத்து விவசாயி கட்டிய கிஸ்தி கணக்கப்பிள்ளை, தாசில்தார், சேலம் கலெக்டர் என்று படியேறி, எண்ணாக மாறி, கடைசியில் சேப்பாக்கத்துக்கு வந்து சேரும். 1860களின் பிற்பகுதியிலிருந்து இராபர்ட் சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் அந்த அரண்மனையை ஒட்டிப் புதிய கட்டடம், கோபுரம், வளைவு, குமிழ் என்று நவாபு பாணியிலேயே சேர்த்துக்கொண்டு போனார். நவாபின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டவர்கள் அவருடைய கும்மட்டத்தையும் எடுத்துக்கொண்டு, அதற்கு இந்தோ சாரசெனிக் என்று பெயர் வைத்தார்கள். மக்களுக்குப் பழகிய வடிவத்தில் வரி கேட்டால் மனம் கோணாது என்பது கோட்பாடு. வரி கட்டியவர்களில் பெரும்பாலோர் சேப்பாக்கத்தைப் பார்த்ததே கிடையாது என்பது கோட்பாட்டுக்கு ஒரு தடையாக இருக்கவில்லை.

சிஷோமின் பேர்சொல்லும் கட்டடம் கடற்கரையில் இருக்கும் பல்கலைக்கழக செனட் மண்டபம். 1874-ல் தொடங்கி 1879-ல் முடிந்தது. மூலைக்கு மூலை கோபுரம், கோபுரத்துக்கு மேல் கும்மட்டம், உள்ளே வண்ணக் கண்ணாடி. அதே ஆண்டுகளுக்குள், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் தின்றது. சேலம் மாவட்டத்தில், அதாவது இன்றைய தர்மபுரியும் அடங்கிய மாவட்டத்தில், 1871 கணக்குப்படி ஏறக்குறைய 19.7 லட்சம் பேர் இருந்தார்கள். 1881 கணக்குப்படி ஏறக்குறைய 16 லட்சம். பஞ்ச வேலைக்கு வந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் 1877-ல் கணக்குப் போட்டுக் கொடுத்தார். நூலகங்களில் செனட் மண்டபம் கட்டடக் கலை அலமாரியிலும் பஞ்சம் பொருளாதார அலமாரியிலும் இருக்கும். இரண்டு நூல்களையும் ஒரே மேசையில் விரித்துப் படிக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

தர்மபுரிக்காரர்கள் கும்மட்டத்துக்குள் நுழைந்ததே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1892-ல் திறந்த சென்னை உயர் நீதிமன்றம், பிராசிங்டனும் ஹென்றி இர்வினும் கைவைத்தது, செங்கல்லும் கும்மட்டமுமாக நிற்கிறது. அதன் உயர்ந்த கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கு எரிந்தது. கடலில் வருபவருக்குக் கரை தெரிந்தது. மன்றோ காலத்தில் அளந்த வயலின் வரப்பு யாருடையது என்று பேரன்களுக்குள் சண்டை வந்தால், மேல்முறையீடு அந்தக் கும்மட்டத்தின் கீழே வரும். கட்சிக்காரர் இரவு பஸ் ஏறி வந்து, தாழ்வாரத்தில் வளைவுக்கு வளைவு உட்கார்ந்து, வாய்தா வாங்கிக்கொண்டு திரும்புவார். இந்தோ சாரசெனிக் கட்டடக் கலையை இவ்வளவு சாவகாசமாக அனுபவித்தவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தர்மபுரி நகரத்திலும் அரூரிலும் பாலக்கோட்டிலும் பள்ளிவாசல்கள் இல்லையா, அவற்றுக்குக் கும்மட்டமும் மினாரும் இல்லையா என்று. உண்டு. அவை பேரரசர் கட்டியவை அல்ல. ஜமாஅத்தார் வீட்டுக்கு வீடு வசூலித்து, வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் கொஞ்சம் அனுப்பி, பணம் வர வர எழுந்தவை. எண்ணிய இடமும் செலுத்திய இடமும் ஒன்றே. தொழுபவர் கட்டிய கட்டடம் இந்த ஆராய்ச்சியின் எல்லைக்குள் வராது. தன் செலவில் கட்டுவது பேரரசுக் கட்டடக் கலையின் இலக்கணத்துக்கே புறம்பானது.

பேரரசின் கும்மட்டம் தர்மபுரிக்கு உண்மையில் வந்து சேர்ந்தது மிக அண்மையில், முகூர்த்த நாள்களில்.

பாராமகாலில் மஹால்களின் எண்ணிக்கை பன்னிரண்டைத் தாண்டி வெகுகாலம் ஆகிறது. பைபாஸ் ஓரத்தில், ஊர் நுழைவில், வயல் நடுவில், யாருடைய பெயரையாவது முன்னால் போட்டு மஹால் என்று முடியும் கல்யாண மண்டபங்கள். அவற்றின் வாசலில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலைக்குள் ஒரு கும்மட்டம் எழும். சவுக்குக் கட்டை, கட்டுக்கம்பி, பிளைவுட், ஃபைபர், மேலே வெள்ளைத் துணி, சீரியல் லைட். நடுவில் தாஜ் மஹாலை ஒத்த வெங்காயக் கும்மட்டம், இரு பக்கமும் மினார், வளைவின் நெற்றியில் பிள்ளையார், அதன் கீழே மணமக்கள் பெயர். முகலாயம், மைசூர், இந்தோ சாரசெனிக் என்று மூன்று மரபுகளும் ஓர் ஆர்ச்சில் கூடுகின்றன. அலாய் தர்வாஸாவின் கொத்தனார்கள் கல்லை நம்பவைத்த எட்டு மூலை, பதினாறு மூலைக் கணக்கெல்லாம் இங்கே ஒரு பக்கத்துக்கு மட்டும், பின்பக்கம் கிடையாது. பின்னால் போய்ப் பார்ப்பது மரியாதையும் அல்ல.

தற்காலிகம் என்று இதை இகழ்பவர்கள் பேரரசுகளின் வரலாற்றை மறந்தவர்கள். விக்டோரியா ராணியை இந்தியாவின் பேரரசி என்று லிட்டன் பிரபு 1877 ஜனவரி 1-ல் தில்லியில் அறிவித்தது பந்தல் போட்டுத்தான். பஞ்ச காலம் ஆயினும் பந்தலுக்குக் குறைவைக்கவில்லை. சென்னையில் 2010 மார்ச்சில் ஓமந்தூரார் வளாகத்துப் புதிய தலைமைச் செயலகம் திறந்தபோது உச்சியிலிருக்க வேண்டிய கும்மட்டம் முடிந்திருக்கவில்லை. சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணி செட் போட்டுக் கொடுத்த கும்மட்டத்தின் கீழே பிரதமர் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. கட்டடம் பிறகு மருத்துவமனை ஆனது. தலைநகரத்துக் கும்மட்டத்துக்கும் தர்மபுரிக் கும்மட்டத்துக்கும் செய்முறையில் வேறுபாடு நீங்கிய ஆண்டு என்று 2010-ஐக் குறிக்கலாம்.

நம் விதியையும் இங்கே மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கிறது. மண்டப வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதில் 9 தில்லிக்கு, 9 சென்னைக்கு. வரி வசூல் பிரிவா, மாளிகையா என்று பழைய கணக்கப்பிள்ளைகள் நம்மை அலைக்கழித்த மஹால், இரண்டுமாக ஒரே கட்டடத்தில் வந்து அமைந்துவிட்டது. விதிப்படி கும்மட்டம் தில்லியில் எழுந்திருக்க வேண்டும். 2023-ல் தில்லியில் திறந்த புதிய நாடாளுமன்றமோ முக்கோணம். வரி செலுத்தும் ஊரில் கும்மட்டமும் எண்ணும் ஊரில் முக்கோணமும் எழும் புதிய யுகத்துக்குள் வந்துவிட்டோமா, இல்லை இது ஒரு விலக்கா என்று இப்போதே சொல்வது அவசரம்.

பொறியியல் தெளிவாகிவிட்டது. துணிக் கும்மட்டத்துக்குப் பாரம் இல்லை. ஆகவே வெளித்தள்ளலும் இல்லை, தடிச் சுவரும் வேண்டாம், அடித்தளமும் வேண்டாம். அதன் ஒரே எதிரி காற்று. ஆடிக் காற்றில் ஒன்றும் நிற்காது. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் கும்மட்டங்கள் பிழைத்துவருகின்றன. நம் முன்னோர் காரணம் இல்லாமல் எதையும் செய்யவில்லை. ஆவணியில் திரும்ப எழும்பும். மறுநாள் பொழுதுக்குள் அவிழ்த்து டெம்போவில் ஏற்றாவிட்டால் இரண்டாம் நாள் வாடகை. மினார் இரண்டுக்கும் வாடகை கும்மட்டத்தோடு சேர்ந்ததா, தனியா என்பதில் பந்தல்காரர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. முன்பணம் கொடுக்கும்போதே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.